ஆடியா, மண்டலத் தகடா, வில்லை வரிசையா: எக்ஸ்-கதிரைக் குவிக்கும் மூன்று வழிகள்

10 கிலோ எலக்ட்ரான் வோல்ட் எக்ஸ்-கதிரின் அலைநீளம் 0.124 நானோமீட்டர்தான் என்றாலும், அந்த அளவுப் புள்ளியாக அதைக் குவிக்க இயலாது; அதற்கு வேண்டிய அகன்ற கோணத்தில் கதிரைத் திருப்பும் பொருள் எதுவும் இல்லை. கென்ட் ரிட்ஜில் உள்ள 700 மெகா எலக்ட்ரான் வோல்ட் சிங்க்ரோட்ரான் (எலக்ட்ரான்களை வளையத்தில் சுழற்றி எக்ஸ்-கதிர் தரும் இயந்திரம்) ஆற்றல் குறைந்த மென்கதிர்ப் பக்கமே வலுவானது என்பதால், ஆற்றல் மிகுந்த வன்கதிரை நாடும் சிங்கப்பூர் ஆய்வு மாணவர் வெளிநாட்டு நிலையத்தில் நேரம் கேட்கும் முன்னரே ஆடி, மண்டலத் தகடு, வில்லை வரிசை ஆகியவற்றில் எதைக் கொண்டு குவிப்பது என்ற தேர்வைச் செய்ய வேண்டியிருக்கிறது.

கிர்க்பாட்ரிக்கும் பேயஸும் 1948இல் முன்வைத்த இரட்டை ஆடி, கதிரை மிகச் சாய்வாக வாங்கித் திருப்புகிறது. 3 மில்லி ரேடியன் சாய்வில் 100 மில்லிமீட்டர் நீள ஆடி பிடிப்பது 0.3 மில்லிமீட்டர் அகலக் கற்றையை மட்டுமே. அதன் பரப்போ சில நானோமீட்டர் பிழைக்குள் அமைய வேண்டும். முழு எதிரொளிப்பு நிகழும் எல்லைக் கோணம் அலைநீளத்தோடு சேர்ந்தே சுருங்குவதால், அலைநீளத்தைக் குறைத்தாலும் புள்ளி சிறிதாவதில்லை. பல்லடுக்குப் பூச்சு இந்த எல்லையைத் தாண்ட உதவியது: 2010இல் ஜப்பானின் ஸ்பிரிங்-8 நிலையத்தில் ஒசாகா குழுவினர் ஒரு திசையில் 7 நானோமீட்டரை எட்டினர். ஆனால் பூச்சு வந்ததும், எல்லா ஆற்றலையும் ஒரே இடத்தில் குவிக்கும் ஆடியின் பெருஞ்சிறப்பு குறுகிவிடுகிறது.

ஒரே மையம் கொண்ட நுண்வளையங்களால் கதிரைக் குவிக்கும் மண்டலத் தகட்டில் புள்ளியின் அளவு, கடைசி வளையத்தின் அகலத்தை ஒட்டியே அமைகிறது. மென்கதிரில் அது அருமையான கருவி. வன்கதிரில்தான் சிக்கல்: 10 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் கதிரின் கட்டத்தை (அலையின் ஏற்ற இறக்க நிலையை) அரை அலை மாற்றத் தங்கம் ஏறத்தாழ 2 மைக்ரோமீட்டர் தடிமன் இருக்க வேண்டும். வளைய அகலம் 20 நானோமீட்டர் என்றால், அகலத்தைப் போல நூறு மடங்கு உயர்ந்த சுவர்களைச் சாயாமல் நிறுத்தியாக வேண்டும். தடிமனைக் குறைத்தால் ஒளி வீணாகிறது.

1996இல் வந்த வில்லை வரிசை நேர்கோட்டில் நிற்பதால் பொருத்துவது எளிது. 50 மைக்ரோமீட்டர் வளைவு ஆரம் கொண்ட ஒற்றைப் பெரிலிய வில்லையின் குவியத் தூரம் ஏழு மீட்டருக்கும் மேல், ஆகவேதான் பலவற்றை அடுக்குகிறார்கள். அடுக்க அடுக்க உறிஞ்சல் கூடி, ஓரக் கதிர்கள் தேய்கின்றன.

ஆற்றலை மாற்றிக்கொண்டே நிறமாலை எடுப்பவருக்கு, பல்லடுக்குப் பூச்சில்லாத ஆடியையே நான் பரிந்துரைப்பேன். தகட்டின் குவியத் தூரம் ஆற்றலோடு நேர்விகிதத்திலும், வில்லையினுடையது ஏறத்தாழ ஆற்றலின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் நகர்வதால், ஒவ்வொரு படியிலும் மாதிரியையோ குவிப்பானையோ நகர்த்த வேண்டிவரும். மாதிரியைச் சூடாக்கும் கலம் வைப்பவர் குவிப்பானுக்கும் மாதிரிக்கும் இடையிலான இடைவெளியையும் கணக்கிட வேண்டும்: 10 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் 100 மைக்ரோமீட்டர் விட்டமும் 20 நானோமீட்டர் கடைசி வளையமும் உள்ள தகட்டுக்கு அது வெறும் 16 மில்லிமீட்டர், அதற்குள் தேவையற்ற கதிர்களைத் தடுக்கும் துளைத்தகடும் நுழைந்தாக வேண்டும்.