மலையேறும் கேரவனுக்கு எது முதலில்: ரோல் பாரா, ஏர் பெல்லோவா, ஸ்டீயரிங் டேம்பரா?

வேனைக் கேரவனாக மாற்றி மலைக்கு ஓட்டுகிறவர்களில் பலர் முதலில் விசாரிப்பது ஸ்டீயரிங் டேம்பரைப் பற்றித்தான், அதாவது ஸ்டீயரிங்கின் உதைப்பை அடக்கும் பாகம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மலைப்பாதைக்கு ரோல் பார் (வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) முதலில், பின்பக்கம் இறங்கி நிற்கும் வண்டிக்கு ஏர் பெல்லோ (ஸ்பிரிங்குக்குத் துணையாக வைக்கும் காற்றுப் பை), டேம்பர் கடைசியில்.

இங்கே இரண்டு வேறு கோளாறுகளை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். ஒன்று, நேர்ச் சாலையிலேயே வண்டி அலைவது. தாராபுரத்திலிருந்து பழனிக்குத் தெற்கே வரும் சாலையில் ஆடிக்காற்று மேற்கிலிருந்து அறையும்போது இது நன்றாகத் தெரியும். இன்னொன்று, வளைவில் வண்டி சாய்வது. கல்லாறு தாண்டிக் குன்னூர் ஏறும்போது கொண்டை ஊசி வளைவுகளில்கூட அவ்வளவு சாயாது. அங்கே வேகமே பத்து பதினைந்துதான். இரண்டு கொண்டை ஊசிகளுக்கு நடுவே இடம், வலம், இடம் என்று அடுத்தடுத்து வரும் சிறு வளைவுகளில் முப்பது நாற்பதில் போகும்போதுதான் சிக்கல். ஒரு பக்கம் சாய்ந்த வண்டி நிமிர்வதற்குள் மறுபக்கம் திருப்ப வேண்டியிருக்கும். கொடைக்கானல் பக்கம் வட்டக்கானல் போகிறவருக்கும் இதே கதைதான்.

எதை வாங்குவதற்கும் முன்னால் எடை போடுங்கள். மேட்டுப்பாளையம் மாதிரி மண்டி ஊரில் எடைமேடைக்குப் பஞ்சமில்லை. தண்ணீர், கேஸ் சிலிண்டர், ஆட்கள் எல்லாம் ஏறிய பிறகு முன் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒருமுறை, பின் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒருமுறை பார்க்க வேண்டும். வீல்பேஸ் (முன், பின் ஆக்சில்களுக்கு இடையே உள்ள தூரம்) 3.6 மீட்டர் உள்ள வேனில், பின் ஆக்சிலுக்கு 1.2 மீட்டர் பின்னால் 90 லிட்டர் தண்ணீர் வைத்தால், பின் ஆக்சிலில் 120 கிலோ கூடும். முன் ஆக்சிலில் 30 கிலோ குறையும். அதோடு பேட்டரியும் பின்பக்க சைக்கிள் ஸ்டாண்டும் சேர்ந்தால் முன் சக்கரம் லேசாகி, ஸ்டீயரிங்கில் பிடிப்பே இருக்காது. ஏற்றத்தில் பாரம் இன்னும் பின்னுக்குப் போகும். தொட்டியை இரண்டு ஆக்சில்களுக்கும் நடுவே தாழ்வாக மாற்றுவது பல நேரம் எந்தப் புதுப் பாகத்தையும்விட அதிகப் பலன் தரும். பாதித் தொட்டியோடு மலையேற வேண்டாம். தண்ணீர் அலைந்து ஒவ்வொரு வளைவிலும் தள்ளும். டயர் காற்றையும் அந்த எடைக்கு ஏற்ப வையுங்கள். அடிவாரத்தில் 35 டிகிரி வெயிலில் 65 பி.எஸ்.ஐ வைத்தால், ஊட்டியில் 10 டிகிரி விடியலில் அது 62க்குப் பக்கத்தில் காட்டும். குளிர் மட்டும் என்றால் அதைவிட அதிகமாகவே குறைந்திருக்கும். உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் மீட்டரில் கொஞ்சம் ஈடாகிவிடுகிறது.

இப்போது ரோல் பார். இது இடது, வலது சக்கரங்களை இணைக்கும் முறுக்குக் கம்பி. அதன் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும், 20 மி.மீ கம்பியை 24 ஆக்கினாலே இரண்டு மடங்கு. வண்டி சாய்வது உடனே குறையும், திருப்பி நிமிர்த்தும் வேலையும் குறையும். இதற்கு ஒரு பாதகமும் உண்டு: கொண்டை ஊசியின் உள்விளிம்பு உடைந்து பள்ளமாக இருந்தால், விறைத்த கம்பி உள்பக்கப் பின்சக்கரத்தைத் தரையோடு ஒட்ட விடாது. அது பிடிப்பிழந்து சுழலும், வண்டி பாதி வளைவில் நின்றுவிடும். பழனியிலிருந்து பெருமாள்மலைக்கு ஏறும் ஒடுக்கமான பாதையில் இதை நினைவில் வைக்க வேண்டும். பின்பக்கம் மட்டும் ரொம்பத் தடித்த கம்பி போட்டால் ஈரச்சாலையில் வால் வழுக்கும். அதனால் அளவோடு போடுங்கள், முடிந்தால் முன்னும் பின்னும்.

ஏர் பெல்லோ வேறு வேலை செய்கிறது. பின்பக்கம் அமுங்கிய வண்டியைத் தூக்கி நேராக்கும். சாய்வையும் ஓரளவு தடுக்கும். இதற்குப் போட்டி, நம் ஊர்ப் பட்டறைகளில் நெடுங்காலமாகச் செய்யும் ஸ்பிரிங் பட்டை சேர்ப்பு. பட்டை மலிவு, காற்றுக் கசிவு என்ற பேச்சே இல்லை. ஆனால் காலியாகப் போகும்போதும் அதே விறைப்புதான். உள்ளே பாத்திரமெல்லாம் குதிக்கும். பாரத்துக்கேற்ப ஏற்றி இறக்கலாம் என்பதால் நான் பெல்லோ பக்கம்தான். பொருத்தும்போது ஒன்றைக் கண்ணால் பாருங்கள்: இரண்டு பைகளுக்கும் தனித்தனிக் குழாய், தனித்தனி வால்வு இருக்க வேண்டும். ஒரே குழாயில் கிளை பிரித்து இணைத்தால், வளைவில் அமுங்கும் பையிலிருந்து காற்று மறுபக்கம் ஓடி, சாய்வு கூடத்தான் செய்யும். இது ஆபத்தான வேலை, ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஷாக் அப்சார்பர் பழசாகியிருந்தால் மாற்றத்தான் வேண்டும். ஆனால் அது சாயும் வேகத்தைத்தான் குறைக்கும், சாயும் அளவை அல்ல.

கடைசியாக டேம்பர். பள்ளத்தில் விழும்போது ஸ்டீயரிங் கையை உதைப்பதை இது அடக்கும். அலைவதைத் திருத்தாது. அலைந்தால் வண்டியை நிறுத்தி, ஸ்டீயரிங்கை மெல்ல இடமும் வலமும் அசைத்து, இன்னொருவரை முன் டயரைப் பார்க்கச் சொல்லுங்கள். டயர் அசையும் முன் ஸ்டீயரிங் இரண்டு மூன்று விரல் தூரம் சும்மா ஓடினால், டை ராட் முனை, கிங் பின் அல்லது பால் ஜாயின்ட், ஸ்டீயரிங் பாக்ஸ் மூன்றையும் பார்க்க வேண்டும், அப்புறம் அலைன்மென்ட். தேய்ந்த பாகத்தின் மேல் டேம்பர் போட்டால் கோளாறு மறையும், தேய்மானம் தொடரும். மலையில் இன்னொரு தொல்லையும் உண்டு: கொண்டை ஊசி முடிந்து ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வருவதை டேம்பர் மந்தமாக்கும். நான்குவழிச் சாலையில் வேகமாக நிறைய ஓடுகிறவருக்கு, முன் டயர் வெடித்தால் ஸ்டீயரிங் பிடுங்கிக்கொள்வதைக் கொஞ்சம் தாங்கும் என்பதற்காகப் போடலாம். குன்னூருக்கும் கொடைக்கும் மட்டும் போய் வருகிறவருக்கு அந்தப் பணம் ரோல் பாரில் போகட்டும்.