பி.சி.ஆர்-ஏ.பி.எல் டெஸ்ட்: பாளையங்கோட்டையில் ரத்தம் கொடுத்தால் சரிப்படுமா?

ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரியைச் சுற்றி ரத்தம் எடுக்கும் சென்டர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் சி.எம்.எல் என்ற ரத்தப் புற்றுநோய்க்கு இமாட்டினிப் சாப்பிடுபவர்கள் மூன்று மாதத்துக்கொரு முறை கொடுக்கும் ரத்தம் வேறு ரகம். நாங்கள் பார்த்த சென்டர் (பெயர் வேண்டாம்) ரத்தத்தை எடுப்பதோடு சரி. டெஸ்ட் நடப்பது 600 கிலோமீட்டர் தள்ளி, சென்னையில்.

எதை அளக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் எங்கே கெடும் என்பது புரியும். ஏ.பி.எல்1 என்பது 9-ஆம் குரோமோசோமில் இருக்கும் ஜீன். அதிலிருந்து உண்டாகும் புரதம் டைரோசின் கைனேஸ்: மற்ற புரதங்களில் பாஸ்பேட்டை ஒட்டி, செல்லைப் பெருகச் சொல்லும் செய்தியைக் கடத்துவது. சி.எம்.எல்லில் இந்த ஜீனின் துண்டு 22-ஆம் குரோமோசோமில் பி.சி.ஆர் என்ற ஜீனோடு போய் ஒட்டிக்கொள்கிறது. அந்த ஒட்டு ஜீன் தரும் கைனேஸ் ஓயாமல் வேலை செய்யும். அதில் ஏ.டி.பி (கைனேஸ் பாஸ்பேட்டை எடுக்கும் மூலக்கூறு) உட்காரும் குழியை இமாட்டினிப் அடைக்கிறது. டெஸ்ட் எண்ணுவது ஒட்டு ஜீனிலிருந்து செல் எடுக்கும் நகலான ஆர்.என்.ஏவை. ஆர்.என்.ஏ சீக்கிரம் சிதையும் சரக்கு. சுகர் டெஸ்ட் ரத்தம் மாதிரி மேசையில் கிடக்க விடக் கூடாது.

இந்த சென்டரில் பிடித்தது குழாய் விஷயம். கேட்காமலே ஊதா மூடி இ.டி.டி.ஏ குழாய் எடுத்தார்கள், எடுத்ததும் 8-10 தடவை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தினார்கள். பச்சை மூடிக் குழாயை யாராவது நீட்டினால் கையை இழுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள ஹெபாரின், நகல்களைப் பெருக்கி எண்ணும் பி.சி.ஆர் (PCR) வினையையே முடக்கிவிடும். (தமிழில் சொன்னால் ஜீனும் (BCR) பி.சி.ஆர், சோதனை முறையும் (PCR) பி.சி.ஆர். கவுண்டரில் வாயால் சொல்லாமல் டாக்டர் சீட்டைக் காட்டுங்கள்.)

அளவில்தான் கோட்டை விடுகிறார்கள். 3 மில்லி ஒரு குழாய் போதும் என்கிறார்கள். நோய் கண்ட புதிதில் வெள்ளையணு லட்சக்கணக்கில் இருக்கும்போது அது போதலாம். மருந்து கேட்டு எண்ணிக்கை இறங்கிய பிறகு அதே 3 மில்லியில் போதுமான செல் இருக்காது. 10 மில்லி கேட்டு வாங்குங்கள். மூன்று நான்கு குழாய் ஆகும்.

அடுத்தது பயணம். ரத்தம் 24 மணி நேரத்துக்குள் லேபுக்குப் போனால் நல்லது, 48 வரை சமாளிக்கலாம், 72 தாண்டினால் அந்த எண்ணை நம்ப வேண்டாம். “நாளைக்கு அனுப்பிருவோம் அண்ணாச்சி” என்றால் மறுநாளே வருகிறோம் என்று திரும்பிவிடுவது உத்தமம். திங்கள் முதல் புதன் வரை கொடுப்பது பாதுகாப்பு. சனிக்கிழமை வேண்டவே வேண்டாம். ஆனித் தேரோட்டம் போன்ற உள்ளூர் விடுமுறைக்கு முந்தைய நாளையும் தவிருங்கள். தெர்மோகோல் பெட்டிக்குள் குழாயை உறைந்த ஜெல் பேக்கோடு ஒட்டி வைத்ததையும் பார்த்தோம். நடுவில் காகிதமோ பஞ்சோ வேண்டும். ரத்தம் குளிரில் ஐஸாக உறைந்து சிவப்பணு உடைந்தால் வெளிவரும் ஹீமோகுளோபினும் பி.சி.ஆரைக் கெடுக்கும்.

ரிப்போர்ட் தெளிவாகவே வருகிறது. முதலில் பார்க்க வேண்டியது ‘ஐ.எஸ்’ என்ற சர்வதேச அளவுகோலில் சதவீதம் போட்டிருக்கிறதா என்பதை. மருந்து தொடங்கி 3 மாதத்தில் 10%, 6 மாதத்தில் 1%, 12 மாதத்தில் 0.1% அல்லது அதற்குக் கீழே, இதுதான் எதிர்பார்ப்பு. அடுத்து, மாதிரி போதுமானதா என்று காட்டும் ஏ.பி.எல் நகல் எண்ணிக்கை. அது 10,000-க்குக் குறைவாக இருந்து, ‘காணப்படவில்லை’ என்று வந்தால் சந்தோஷப்பட அவசரம் வேண்டாம். மாதிரி சரியில்லை என்று அர்த்தம். 0.04 போன தடவை, 0.07 இந்தத் தடவை என்றாலும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், இரண்டு மடங்கு ஆட்டம் இந்த டெஸ்டின் இயல்பு. லேபை மாற்றினால் ஆட்டம் இன்னும் கூடும், அதனால் ஒரே இடத்தில் தொடருங்கள்.

புதிதாக நோய் கண்டவர்களுக்கு இந்த சென்டரின் வழக்கமான பேக்கேஜ் போதாது. அது ஒட்டு ஜீனில் பி210 என்ற வகையை மட்டும் அளக்கிறது. சி.எம்.எல்லில் பெரும்பாலும் அதுதான், ஆனால் பி190, பி230 உள்ள சிலருக்கு நோய் இருந்தும் ‘இல்லை’ என்று வரும். முதல் தடவை எல்லா வகையும் பார்க்கும் டெஸ்டைக் கேளுங்கள். மருந்து வேலை செய்யாமல் எண் ஏறினால் பார்க்கும் ‘டி315ஐ’ (T315I) என்ற ஜீன் மாற்றத்துக்கான டெஸ்டும் தனி, கட்டணமும் தனி.

வீட்டுக்கு வந்து எடுக்கும் சேவை உண்டு. சித்திரை வெயிலில் அம்பாசமுத்திரத்திலிருந்து பைக் பையில் வரும் குழாயை நாங்கள் சிபாரிசு செய்ய மாட்டோம். காலையில் பஸ் ஏறி நேரில் வாருங்கள். வெறும் வயிற்றோடு வர வேண்டியதில்லை. இமாட்டினிப்பை வழக்கம்போல சாப்பாட்டோடு, ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் போட்டுவிட்டே வரலாம்.