சோனிக் சிடி ஊமையாக ஓடினால்: ஐஎஸ்ஓ, எம்பி3, பின்-க்யூ, சிஎச்டி

காலம் விட்டுக் காலம் தாவும் சோனிக் சிடி கேமை எமுலேட்டரில் (பழைய கேம் இயந்திரம் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள்) முதன்முறை ஓட்டியபோது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. குதிக்கும் சத்தம், மோதிரம் எடுக்கும் சத்தம் எல்லாம் கேட்டன. பாட்டு மட்டும் இல்லை. ‘பாஸ்ட்’ பலகையைத் தொட்டு வேகமெடுத்து இறந்தகாலத்துக்குள் நுழைந்ததும் இசை வந்துவிட்டது. நிகழ்காலத்துக்குத் திரும்பினால் மறுபடி மௌனம். ஒரு மாலை முழுக்க எமுலேட்டரின் ஒலி அமைப்புகளை மாற்றிப் பார்த்தேன். கோளாறு அங்கே இல்லை, நான் வைத்திருந்த நகலில் இருந்தது.

1993இல் சேகா சிடிக்கு (சேகாவின் கேம் இயந்திரத்தோடு இணைக்கும் சிடி டிரைவ்) வந்த இந்த கேமில் நிகழ்காலம், எதிர்காலம் இரண்டுக்குமான இசை, நாம் கடையில் வாங்கும் பாட்டு சிடியைப் போலவே தனித்தனி ஆடியோ டிராக்குகளாகப் பதிவாகியிருக்கிறது. இறந்தகாலத்தின் இசையை மட்டும் இயந்திரத்தின் பிசிஎம் சிப் வாசிக்கிறது; அதற்கு வேண்டிய ஒலித்துணுக்குகள் கேமின் நிரல் இருக்கும் டேட்டா டிராக்குக்குள் இருக்கின்றன. ஆடியோ டிராக்கை கேம் ஒரு ஃபைலாகத் திறப்பதில்லை. ‘இந்த எண்ணுள்ள டிராக்கைப் போடு’ என்று டிரைவுக்கு உத்தரவிடுகிறது, அவ்வளவுதான். அதனால் எந்த நகல் நல்லது என்ற கேள்விக்கு ஒரே அளவுகோல்தான்: சிடியின் டிராக் அமைப்பை அது அப்படியே காப்பாற்றுகிறதா?

ஐஎஸ்ஓ, அதாவது சிடியின் டேட்டாவை மட்டும் ஒரே ஃபைலாக எடுத்த நகல், இந்த அளவுகோலில் முதலிலேயே தோற்றுவிடுகிறது. சிடியின் ஒரு செக்டர் (டிரைவ் படிக்கும் ஒரு துண்டு) 2352 பைட். சேகா சிடி போன்றவற்றின் டேட்டா டிராக்கில் அதில் 2048 பைட்தான் உள்ளடக்கம். மிச்சம் பிழைதிருத்தம் முதலியவை. ஐஎஸ்ஓ அந்த 2048-ஐ மட்டும் எடுத்து அடுக்குகிறது. ஆடியோ டிராக்கிலோ 2352 பைட்டும் இசைதான். அதை வைக்க ஐஎஸ்ஓவில் இடமே கிடையாது. ‘பிளேஸ்டேஷன் கேம்கள் ஐஎஸ்ஓவில் பாட்டோடு ஓடுகின்றனவே’ என்று சிலர் கேட்பார்கள். அவற்றில் பலவற்றின் இசையை ஒலி சிப்பே வாசிக்கிறது, அதனால் தப்பிக்கின்றன. ரிட்ஜ் ரேசர் மாதிரி ஆடியோ டிராக்கை நம்பும் கேம் தப்பிக்காது. டேட்டா டிராக்குக்குள்ளேயே இருக்கும் எக்ஸ்ஏ என்ற சுருக்கிய ஒலிகூட 2324 பைட் தாங்கும் செக்டர்களில் இருப்பது. 2048 ஆக வெட்டினால் அதுவும் சிதையும்.

ஐஎஸ்ஓவோடு எம்பி3 சேர்த்த நகல்கள் இணைய வேகம் குறைவாக இருந்த காலத்தின் தேவையில் பிறந்தவை. மூன்று நிமிட ஆடியோ டிராக் சுமார் 32 எம்பி. 128 கேபிபிஎஸ் எம்பி3 ஆக்கினால் 3 எம்பிக்குள் அடங்கும். அன்றைக்கு அது பெரிய உதவி. இன்றைக்கு அதை வைத்திருக்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. எம்பி3 ஆக்கும்போது பாட்டின் முன்னும் பின்னும் சிறு மௌனம் ஒட்டிக்கொள்கிறது; பாட்டு முடிந்து மறுபடி தொடங்கும் இடத்தில் அது காதில் உறுத்தும். டிராக் எண்ணைச் சொல்லாமல் சிடியில் எந்த இடம் என்று நேரக் கணக்கில் கேட்கும் கேம்களும் உண்டு. நீளம் கொஞ்சம் மாறினாலும் அவற்றில் பாட்டு தவறான இடத்திலிருந்து தொடங்கும். எம்பி3-க்குப் பதில் ஆக் என்ற இன்னொரு சுருக்கிய ஒலி வடிவம் இருந்தால் ஒட்டிக்கொள்ளும் மௌனம் இல்லை, ஆனால் தரம் குறைந்தது குறைந்ததுதான்.

பின்-க்யூதான் சொந்த சிடியிலிருந்து நகல் எடுப்பவர்களுக்கு என் முதல் பரிந்துரை. பின் ஃபைலில் 2352 பைட்டும் அப்படியே இருக்கும். க்யூ என்பது சாதாரண எழுத்து ஃபைல்: எந்த டிராக் டேட்டா, எது ஆடியோ, ஒவ்வொன்றும் எந்த நிமிடம், எந்த நொடி, எந்த ஃபிரேமில் தொடங்குகிறது என்ற வரைபடம். ஒரு நொடிக்கு 75 ஃபிரேம்.

பாட்டு வராத பல நேரங்களில் காரணம் இந்த வரைபடத்தில்தான் இருக்கும். எமுலேட்டரில் க்யூவைத் திறக்காமல் பின்னைத் திறந்துவிடுவது முதல் தவறு. அடுத்தது, பின் ஃபைலின் பெயரை மாற்றிவிட்டு க்யூவுக்குள் பழைய பெயரையே விட்டுவைப்பது. லினக்ஸில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடுகூடப் போதும், ஃபைல் கிடைக்காது. டேட்டாவுக்கும் முதல் ஆடியோ டிராக்குக்கும் நடுவே இருக்கும் இரண்டு நொடி இடைவெளியை, அதாவது 150 செக்டரை, க்யூ தவறாகக் குறித்திருந்தால் பாட்டுகள் எல்லாமே இரண்டு நொடி தள்ளித் தொடங்கும், அல்லது தலை வெட்டுப்பட்டு வரும். பாட்டுக்குப் பதில் காதைக் கிழிக்கும் இரைச்சல் வந்தால் பைட் வரிசை தலைகீழாக இருக்கிறது என்று அர்த்தம். லினக்ஸில் சிடிஆர்டிஏஓ என்ற மென்பொருள் கொண்டு நகல் எடுத்தவர்கள் இதை அடிக்கடி பார்த்திருப்பார்கள். வரிசையை மாற்றித் தரும் டிரைவர் தேர்வோடு மறுபடி எடுத்தால் தீரும்.

பிசி எஞ்சின் சிடி என்ற இன்னொரு பழைய கேம் இயந்திரத்துக்கு வரைபடம் இன்னும் முக்கியம். அங்கே பொதுவாக முதல் டிராக் ஆடியோ: ‘இதைப் பாட்டு பிளேயரில் போடாதீர்கள்’ என்ற எச்சரிக்கைக் குரல். டேட்டா இரண்டாவது டிராக்கில்தான் தொடங்கும்.

சிஎச்டி, மாமே என்ற ஆர்கேட் எமுலேட்டர் திட்டம் உருவாக்கிய வடிவம். பின்-க்யூ முழுவதையும் ஒரே ஃபைலாகச் சுருக்குகிறது. ஆடியோவை ஃபிளாக் முறையில் சுருக்குவதால் ஒரு துளி ஒலியும் இழப்பதில்லை. வேண்டும்போது விரித்து பின்-க்யூவாக மாற்றிக்கொள்ளலாம். ஜிப் செய்தால் நடுவிலிருந்து படிக்க எமுலேட்டர் திணறும். சிஎச்டி சிறு சிறு துண்டுகளாகச் சுருக்கப்பட்டிருப்பதால் அந்தச் சிக்கல் இல்லை. டிராக்குக்கு ஒன்றாக முப்பது தனி பின் ஃபைல்கள் இருந்த இடத்தில் ஒரே ஃபைல், பெயர் மாற்றினாலும் உள்ளே எதுவும் உடையாது. தினமும் விளையாட இதைத்தான் வைத்திருக்கிறேன். பழைய எமுலேட்டர்கள் சில இதைப் படிக்காது. அதைவிடப் பெரிய ஆபத்து, பிழையுள்ள க்யூவிலிருந்து செய்த சிஎச்டி அந்தப் பிழையையும் உள்ளே பூட்டிவைத்துவிடும்.

ஆகவே சுருக்கும் முன் ஒருமுறை சோதித்துவிடுங்கள். சேகா சிடியின் பயாஸில் (இயக்கியதும் முதலில் ஓடும் உள் நிரல்) சிடி பிளேயர் ஒன்று உண்டு. கேமைத் தொடங்காமல் அந்தத் திரையிலேயே நின்று, டிராக் எண்ணிக்கை க்யூவில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பிறகு இரண்டாவது டிராக்கையும் கடைசி டிராக்கையும் போட்டு, முதல் நொடியைக் கவனமாகக் கேளுங்கள்.