மலை ஏரி அணை: பழுது பார்ப்பதா, எடுத்துவிடுவதா?

மீன் பிடிக்கவும் படகு விடவும் மலைமேல் தேக்கிய சின்ன ஏரி. அதன் மண் அணை பழசாகிவிட்டால் என்ன செய்வது?

பழுது பார்த்தால் ஏரி மிஞ்சும். ஆனால் அரைகுறை வேலை கூடாது. பென்சில்வேனியாவின் சவுத் ஃபோர்க் அணையை வாங்கிய பணக்காரர் கிளப், குதிரை வண்டிகள் போக வசதியாக அணையின் உச்சியைத் தணித்தது. மீன் தப்பிவிடக் கூடாதென்று உபரி நீர் வழியும் கலிங்கில் கம்பிவலை அடித்தது. அணையின் அடியில் நீரை வெளியேற்றும் குழாய்களை முந்தைய உரிமையாளரே கழற்றி விற்றிருந்தார். கிளப் புதிதாகப் போடவில்லை. 1889 மே 31, பேய்மழை. வலையில் குப்பை அடைத்துக்கொள்ள, தண்ணீர் அணைமேல் ஏறி வழிந்தது. அணை உடைந்து, கீழே இருந்த ஜான்ஸ்டவுன் ஊர்ப் பக்கம் 2,209 பேர் செத்தார்கள். மீனுக்குப் போட்ட வலை!

சரி, எடுத்துவிட்டால்? கொலராடோவின் ராக்கி மலைத் தேசியப் பூங்காவில் 1982 ஜூலை 15 அன்று லான் லேக் அணை உடைந்து மூன்று பேர் இறந்தார்கள். அப்புறம் பூங்காவுக்குள் இருந்த வேறு மூன்று பழைய அணைகளை எடுத்தே விட்டார்கள். ஏரிகள் பழைய இயற்கை அளவுக்குச் சுருங்கின, அவ்வளவுதான்.

கலிங்கும் மதகும் ஒழுங்காக இருந்து, அடிக்கடி ஆள் போய்ப் பார்க்கப் பாதையும் இருந்தால் பழுது பார்க்கலாம். ரோடே இல்லாத உச்சியில் என்றால், எடுத்துவிடுவதற்கே என் ஓட்டு.