கூடுதல் பரிந்துரைக் கடிதம்: யாரிடம் கேட்பது, எப்போது விடுவது?

அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளை உள்ள வீட்டில், அக்டோபர் வந்தாலே இந்தக் கேள்வி எழுந்துவிடும். ஆசிரியர்கள் இருவரும் பள்ளியில் மாணவர்களுக்கு வழிகாட்டும் ஆலோசகரும் (கவுன்சிலர்) கடிதம் எழுத ஒப்புக்கொண்டாயிற்று. கூடுதலாக இன்னொன்று வைக்கலாமா?

முதலில், வைக்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள். காமன் ஆப், அதாவது பல கல்லூரிகளுக்கும் பொதுவான இணைய விண்ணப்பம், வழியாக எத்தனை கடிதம் வாங்குவது என்பதை அந்தந்தக் கல்லூரியே முடிவு செய்கிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்கள் விண்ணப்பத்தோடு கடிதமே வாங்குவதில்லை. பின்னால் அவர்களாகக் கேட்டால்தான் அனுப்பலாம்.

இடம் இருக்கிறது என்றால், பலருக்கும் முதலில் தோன்றுவது பெரிய மனிதர். அப்பாவுக்குத் தெரிந்த நிறுவனத் தலைவர், ஒரு செனட்டர். இதைத்தான் நான் கடைசியில் வைப்பேன். "நல்ல குடும்பம், கடும் உழைப்பாளி" என்பதற்கு மேல் அவரால் என்ன எழுத முடியும்? செனட்டர் அலுவலகத்தில் கோடை விடுமுறையில் வேலை பார்த்திருந்தால், அங்கே தினமும் வேலை கொடுத்து வாங்கிய ஊழியரிடம் கேளுங்கள். அவருக்குத்தான் பிள்ளையைத் தெரியும்.

ஆய்வகத்தில் வழிகாட்டியவர், பயிற்சியாளர், பகுதிநேர வேலையில் மேலாளர் ஆகியோர் வகுப்பறைக்கு வெளியே பார்த்தவர்கள். "மூன்று வாரம் எடுத்த அளவீடுகள் தவறு என்று அவளே கண்டுபிடித்தாள். யாரும் கேட்கும் முன்பே வந்து சொல்லிவிட்டு முதலிலிருந்து தொடங்கினாள்." இப்படி இரண்டே வரி போதும், வேறெந்தக் கடிதத்திலும் இல்லாத பிள்ளை கண்முன் வந்துவிடும். கடையில் வேலை பார்த்ததைச் சொல்லக் கூச்சப்படும் பிள்ளைகள் உண்டு. சனி, ஞாயிறு தவறாமல் வந்து கல்லாவைப் பார்த்துக்கொண்டான் என்று மேலாளர் எளிய நடையில் எழுதினாலும் அது கனமான கடிதம்தான்.

மூன்றாவது ஆசிரியர்? முதல் இருவர் சொன்னதையே அவரும் சொல்வார் என்றால் வேண்டாம். ஒரு விண்ணப்பத்துக்குச் சில நிமிடங்களே கிடைக்கும் கல்லூரிச் சேர்க்கை அதிகாரி, ஒரே புகழ்ச்சியை மூன்றாம் முறை படிக்கும்போது முந்தைய இரண்டும் மங்கிப்போகும். பிள்ளையின் நண்பர் எழுதும் கடிதத்தை, அதைக் கேட்கும் கல்லூரிக்கு மட்டும் கொடுங்கள். டார்ட்மத் கல்லூரி கேட்கிறது, அங்கே தயங்காமல் வைக்கலாம்.

சரி, ஒன்றுமே வைக்காவிட்டால்? குறை ஒன்றும் இல்லை. காமன் ஆப்பில் செயல்பாடுகளுக்குப் பத்து இடங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் விவரிக்க 150 எழுத்துகள். செய்த வேலையை அங்கே துல்லியமாக எழுதினாலே பாதி விஷயம் போய்ச் சேர்ந்துவிடும்.

அப்புறம், நவம்பரிலேயே விண்ணப்பிப்பவர்கள் ஒன்றை யோசிக்கலாம். டிசம்பரில் ஏற்பும் மறுப்பும் இல்லாமல் முடிவைத் தள்ளிவைத்தால், புதிதாக ஒரு கடிதம் அனுப்பப் பல கல்லூரிகள் அனுமதிக்கின்றன. வழிகாட்டியோடு செய்யும் வேலை இன்னும் பாதியில்தான் நிற்கிறது என்றால், அவருடைய கடிதத்தை அதுவரை கையில் வைத்திருப்பேன்.