கோவேறு கழுதையா, ஜீப்பா, ஆள் தோளா? மலைக்காட்டில் மார்ட்டார் சுமக்கும் கணக்கு

இரண்டாம் உலகப்போரில் நியூகினியிலும் பர்மாவிலும் காலாட்படையின் கனமான ஆயுதங்கள் முன்வரிசைக்குப் போய்ச் சேர மூன்று வழிகள் இருந்தன: ஜீப், கோவேறு கழுதை, மனிதத் தோள். மூன்றையும் எடை போட்டால் என் தேர்வு கோவேறு கழுதைதான். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பலரும் அதைக் கவனிப்பதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் சுமை எது என்று தெளிவாக வேண்டும். மார்ட்டார் என்பது குண்டை உயர வீசி எதிரியின்மேல் விழவைக்கும் குழல் ஆயுதம். பிரிட்டிஷ் 3 அங்குல மார்ட்டார், குழல், இரட்டைக்கால், அடித்தட்டு என்று மூன்று துண்டாகப் பிரியும். ஒவ்வொன்றும் 20 கிலோவை ஒட்டி வரும். விக்கர்ஸ் மிஷின் கன் 15 கிலோ, குளிர்விக்கும் தண்ணீர் சுமார் 4 லிட்டர், முக்காலி 20 கிலோவுக்கு மேல். இவற்றை எப்படியாவது தூக்கிவிடலாம். ஆளைக் கொல்வது குண்டுகளின் எடைதான். மார்ட்டார் குண்டு ஒன்று நாலரைக் கிலோ. பன்னிரண்டு குண்டு 54 கிலோ, பெட்டி எடை தனி. பழகிய குழு அந்தப் பன்னிரண்டையும் ஒரு நிமிடத்தில் சுட்டுத் தீர்த்துவிடும். 250 தோட்டா கொண்ட விக்கர்ஸ் பெல்ட் பெட்டி 10 கிலோ. அதற்கு ஆயுள் அரை நிமிடத்துக்குச் சற்று கூட. ஆக, மார்ட்டாரை யார் சுமப்பது என்பதைவிட, நாள்தோறும் குண்டை யார் கொண்டுவந்து சேர்ப்பது என்பதே பெரிய கேள்வி.

ஜீப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாதை இருக்கும்வரை அதற்கு ஈடு கிடையாது. சும்மா நிற்கும்போது எதையும் தின்னாது என்பது பெரிய சௌகரியம். ஆனால் ஒன்றரை மீட்டருக்கு மேல் அகலமுள்ள வண்டிக்கு அதைவிட அகலமான பாதையை யாரோ வெட்டித் தர வேண்டும். மழைக்காலத்தில் அந்தப் பாதையை ஒவ்வொரு நாளும் திரும்ப வெட்ட வேண்டும். நியூகினியின் கொக்கோடா மலைப்பாதையில் மலை தொடங்கிய இடத்திலேயே ஜீப்பின் வேலை முடிந்துவிட்டது.

மனிதத் தோள் எங்கும் போகும். ஜப்பானியரின் 92ஆம் வகை மிஷின் கன் முக்காலியோடு சேர்த்து 55 கிலோ. முக்காலியில் கைப்பிடிகளைச் செருகிப் பல்லக்குபோல அப்படியே தூக்கிப்போய் வைத்துச் சுடலாம். பிரித்துக் கோக்க நேரம் வீணாகாது. மலைப் பீரங்கியைக்கூடத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொக்கோடா பாதையில் சுமந்து வந்தார்கள். ஆனால் தோளுக்கு ஒரு கொடிய கணக்கு உண்டு. ஆஸ்திரேலியப் படைக்காகப் பாப்புவ சுமைக்காரர்களை ஒழுங்குபடுத்திய பெர்ட் கீன்ஸ்லே 1942இல் அதைக் கறாராக எழுதி வைத்தார். உணவு சுமப்பவன் தன் சுமையைத் தானே 13 நாளில் தின்று தீர்த்துவிடுவான். கூடவே ஒரு சிப்பாய்க்கும் சோறு என்றால் ஆறரை நாள். சுமை ஏறத்தாழ 18 கிலோ என்று வைத்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 1.4 கிலோ. பாதை எட்டு நாள் நடை என்றால் குண்டுக்கு எங்கே இடம்?

இதே கணக்கை விலங்குக்கும் போட்டுப் பார்க்க வேண்டும். கோவேறு கழுதை பொதிச்சேணம் போக 70 கிலோ சுமக்கும். பன்னிரண்டு குண்டும் பெட்டியும் ஒரே விலங்கில் அடங்கும். மனிதர் என்றால் நான்கு பேர் வேண்டும். நான்கு பேருக்கு நாளொன்றுக்கு 5.6 கிலோ உணவு. விலங்குக்குத் தானியம் 4 கிலோ, அதை நடத்திப் போகிறவருக்கு 1.4 கிலோ, ஆக 5.4. இரண்டும் ஏறத்தாழ சமம்! கோவேறு கழுதை மலிவு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்பவர்கள் இந்த இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். அதோடும் முடியவில்லை. விலங்குக்குத் தானியம் மட்டும் போதாது, நார்த்தீவனமும் வேண்டும். வழியில் புல் இல்லாமல் வைக்கோலையும் சுமந்துபோக நேர்ந்தால் நாளொன்றுக்கு இன்னும் 5, 6 கிலோ கூடும். தீவனம் மட்டுமே ஏற்றினாலும் ஒரே வாரத்தில் தன் பொதியைத் தானே தின்றுவிடும். அப்போது மனிதனைவிட மோசம்.

ஆகவே முடிவைத் தீர்மானிப்பது வழியில் கிடைக்கும் பசுந்தீவனம். பர்மாவில் புல்லும் மூங்கில் இலையும் கிடைத்தன. எதிரியின் பின்னால் ஊடுருவிப் போரிட்ட பிரிட்டிஷ் சிண்டிட் படைகளின் விலங்குகள் மூங்கில் இலையைத் தின்றே பல நாள் ஓட்டின. தானியம் விமானத்திலிருந்து விழுந்தது. 1944 மார்ச்சில் எஞ்சின் இல்லாத கிளைடரிலும் டகோட்டா விமானத்திலுமாக ஏறக்குறைய 9,000 வீரர்களோடு 1,300க்கும் மேற்பட்ட விலங்குகளை எதிரியின் முதுகுப்பக்கம் இறக்கினார்கள். அவ்வளவு சிரமப்பட்டு ஏற்றியதற்குக் காரணம், மார்ட்டார், விக்கர்ஸ், வயர்லெஸ், பேட்டரிக்கு மின்னேற்றும் சிறு எஞ்சின் எல்லாமே அவற்றின் முதுகில்தான் போக வேண்டியிருந்தது. இரவில் கத்திக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்று குரல்நாணைக்கூட அறுவை செய்து நீக்கினார்கள். படிக்கவே மனம் கனக்கிறது. அந்த விலங்குகள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

பராமரிப்பில் கெடுவது பெரும்பாலும் முதுகுதான். மடித்த கம்பளியில் ஒரு சுருக்கமோ, ஒரு சிறு குச்சியோ இருந்தால் போதும், மாலைக்குள் புண். இரண்டு பக்கச் சுமையும் சம எடையாக இருக்க வேண்டும். குழல் ஒரு பக்கம், இரட்டைக்கால் மறுபக்கம், தட்டையான அடித்தட்டு மேலே. எடை சமமாக இருந்தாலும் ஒரு பக்கம் தாழத் தொங்கினால் சேணம் திரும்பிவிடும். கட்டும்போது விலங்கு மூச்சை இழுத்து வயிற்றை உப்பவைக்கும். அதனால் கால் மணி நேரம் நடந்ததும் நிறுத்தி வயிற்றுவாரை மறுபடி இறுக்க வேண்டும். இதைச் சோம்பலால் விட்ட இடத்தில்தான் பொதி சரிந்து பள்ளத்தில் போகும். மார்வார் ஏற்றத்தில் சுமை பின்னால் வழுக்காமல் பிடிக்கும். பின்தொடை வார் இறக்கத்தில் முன்னால் சரியாமல் பிடிக்கும். இவற்றில் ஒன்று தளர்ந்தாலும் தோலை உரித்துவிடும். வயர்லெஸ் பெட்டியைக் கூட்டத்திலேயே சாதுவான விலங்குக்குக் கொடுக்க வேண்டும். குண்டை மழையில் நனைய விடக்கூடாது. வாலில் செருகும் கூடுதல் வெடிமருந்து ஈரமானால் குண்டு இலக்குக்கு முன்பே விழும், முன்னால் இருப்பவர்கள் நம் ஆட்கள்.

புண்பட்ட முதுகு ஆற வாரக்கணக்காகும். ஜீப்புக்கு டயர் மாற்றுவதுபோல மாற்ற முடியாது. ஈ பரப்பும் சர்ரா காய்ச்சல் வந்தால் விலங்கே போய்விடும். பத்துக்கு ஒன்றாவது வெறும் முதுகோடு கூட வருவது நல்லது என்பது என் கணிப்பு. இது தரைக்குத் தரை மாறும்.

விசுவாசம் என்பது கணக்கில் வராத வரவு. இந்தியத் தரைப்படையின் பெடோங்கி என்ற கோவேறு கழுதை 1971 இந்திய-பாகிஸ்தான் போரில் எதிரியிடம் சிக்கி, அவர்கள் முதுகில் கட்டிய மிஷின் கன்னோடும் இரண்டு தோட்டாப் பெட்டியோடும் 20 கிலோமீட்டருக்கு மேல் நடந்து தன் கம்பெனிக்கே திரும்பி வந்தது.

கடைசிக் கட்டம் மட்டும் எப்போதும் மனிதனுடையது. எதிரியின் கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத மடிப்பில் விலங்குகளை நிறுத்தி, மார்ட்டாரை மூன்று ஆளும் குண்டைப் பின்னால் வருபவர்களும் எடுத்துப் போக வேண்டும். முதலில் போக வேண்டியது அடித்தட்டு. அது மண்ணில் பதிந்தால்தான் மற்ற இரண்டும் ஏறும். சேற்றுத்தரை என்றால் அடியில் மரக்கட்டையோ மண்மூட்டையோ போடாவிட்டால் சில குண்டுகளிலேயே தட்டு புதைந்து குறி மாறிவிடும். பொதி இறங்கிய விலங்கின் சேணத்தை உடனே கழற்றக் கூடாது. வாரை மட்டும் தளர்த்திக் கால் மணி நேரம் விட்டு, அழுந்திய தோலில் ரத்தம் மெல்லத் திரும்பிய பிறகே எடுத்து, முதுகு முழுக்க உள்ளங்கையால் தடவிப் பார்க்க வேண்டும். சூடாகவோ வீங்கியோ கை உணர்ந்தால் நாளை அந்த விலங்குக்குச் சுமை இல்லை.