முதல் வேப் எதை வாங்குவது? ராத்திரி ஒன்பதரை மணிக்குக் கைவிடாததை

தைப்பூசக் காவடிக்கு விரதம் இருக்கும் பத்து நாளும் சிகரெட்டைத் தொடமாட்டேன். வருஷா வருஷம் அப்படித்தான். காவடியை இறக்கி, பந்தியில் சாப்பிட்டுக் கைகழுவிய ஈரம் காய்வதற்குள் கோயிலுக்கு வெளியே கார்களுக்கு நடுவில் நின்று லைட்டரைத் தேடுவதும் வருஷா வருஷம் நடப்பதுதான். 2023-இல் லைட்டர் கிடைக்கவில்லை. பக்கத்தில் நின்ற பையன், தமிழில் வணக்கமும் சாப்பாடும் மட்டுமே தெரிந்த, இங்கே தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்துப் பையன், "அங்கிள், இதை இழுத்துப் பாருங்க" என்று ஆங்கிலத்தில் சொல்லிப் பச்சை நிறத்தில் ஒரு வேப்பை, அதாவது மின்சிகரெட்டை, நீட்டினான். தர்பூசணி வாசனை. வாய்க்குள் மிட்டாய்க் கடை. ஆனாலும் அன்று சாயங்காலம் வரை சிகரெட் ஞாபகம் வரவில்லை.

அப்போது நான் ஒரு நாளைக்குப் பதினைந்து சிகரெட் பிடிக்கிற ஆள். அடுத்த நாலு மாதத்தில் நாலு வகை வேப்பையும் காசு கொடுத்து வாங்கியோ கடன் வாங்கியோ பார்த்துவிட்டேன். இன்று கையில் இருப்பது, நாமே லிக்விட் (சூட்டில் ஆவியாகும் நிக்கோட்டின் திரவம்) ஊற்றி நிரப்பிக்கொள்ளும் சின்ன பாட் கருவி; பாட் என்றால் அந்த லிக்விட் இருக்கும், கழற்றி மாட்டுகிற சின்னக் குப்பி. என் ஓட்டு அதற்குத்தான் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். இனி எழுதப்போவதை அந்தச் சாய்வோடுதான் படிக்க வேண்டும்.

இது ஏற்கெனவே சிகரெட் பிடிக்கிறவர்களுக்கு மட்டும். புகையிலை எரியாததால் தார் இல்லை, கார்பன் மோனாக்சைடு இல்லை, லாபம் அவ்வளவுதான். நிக்கோட்டின் இருக்கிறது, அடிமைத்தனமும் கூடவே இருக்கிறது. இன்றைய வடிவில் 2003 வாக்கில் சீனாவில் பிறந்த பொருள் இது. நாற்பது வருஷம் இழுத்தால் நுரையீரல் என்னவாகும் என்று சொல்ல அதற்கே அவ்வளவு வயசாகவில்லை. நிக்கோட்டின் பேட்ச், சூயிங்கம் போதும் என்று இருக்கிறவர்கள் அதோடு நிறுத்திக்கொள்வது உத்தமம். சிகரெட் பிடிக்காதவர்களும் பிள்ளைகளும் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

சரி, வகைகளுக்கு வருவோம்.

இழுத்துத் தீர்த்துவிட்டுத் தூக்கிப்போடும் டிஸ்போசபிள் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. பிரித்தால் வேலை செய்யும், கற்றுக்கொள்ள எதுவும் கிடையாது. மாறுவது நமக்கு ஒத்துவருமா என்று ஒரு வாரம் பார்க்க நல்ல பொருள். அதற்கு மேல் வாங்கினால், உள்ளே நன்றாக இருக்கும் லித்தியம் பேட்டரியையும் சேர்த்து வாராவாரம் குப்பையில் போடுகிறோம் என்பது எனக்கு உறுத்தியது. காசும் உறுத்தியது.

மாட் என்கிற பெரிய பேட்டரிக் கருவி வகையை ஒரு வாரம்தான் வைத்திருந்தேன், அதுவும் சக ஊழியர் ஒருவரிடம் இரவல். ஆகவே அதைப் பற்றி என் பேச்சு ஒரு வாரத்துப் பேச்சு. மேகம் மேகமாக ஆவி வரும். சிகரெட்டில் நாம் வாயில் இழுத்து நிறுத்திப் பிறகு உள்ளே விடுவோம். இதிலோ மூச்சு இழுப்பதுபோல நேராக நெஞ்சுக்குள் இழுக்க வேண்டும். எனக்கு இருமல்தான் வந்தது. 18650 என்கிற தனி பேட்டரியைச் சாவிக்கொத்தோடு ஒரே பாக்கெட்டில் போட்டால் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம் என்று அவர் மூன்று தடவை எச்சரித்துக் கொடுத்தார். முதல் வேப்புக்கு இவ்வளவு படிப்பு எதற்கு? ஆனால் ஒன்று: லோட்ஷெடிங் என்கிற மின்வெட்டுக் காலத்தில் அவர் மாற்று பேட்டரியைப் போட்டுக்கொண்டு நிம்மதியாக இருந்தார். என் சின்னக் கருவியைக் காரில்தான் சார்ஜ் போட வேண்டியிருந்தது.

மிச்சம் இரண்டு. கம்பெனியே லிக்விட் நிரப்பிச் சீல் வைத்து விற்கும் பாட், நாமே நிரப்பும் பாட். உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும்தான்.

நிரப்பிய பாட்டை நான் மார்ச், ஏப்ரல் இரண்டு மாதமும் வைத்திருந்தேன். சுத்தமான வேலை. கையில் பிசுபிசுப்பு இல்லை, கசிவு ஏறக்குறைய இல்லை, தீர்ந்தால் கழற்றிப் புதியதை மாட்டினால் ஆயிற்று. ருசியும் பெட்டிக்குப் பெட்டி மாறாது. இவ்வளவு நல்ல பொருளை ஏன் விட்டேன் என்றால், ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரிக்காக.

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் நான் இருக்கும் பக்கம் வேப் கடை மாலுக்குள் இருக்கிறது. ஆறு மணிக்கு ஷட்டர் இறங்கிவிடும். சிகரெட்டை ஒன்று ஒன்றாகச் சில்லறைக்கு விற்கும் டக்‌ஷாப் எங்கள் தெருவிலேயே இரண்டு, பத்து மணி வரை கம்பிக் கதவுக்குப் பின்னால் விளக்கு எரியும். அந்த வெள்ளிக்கிழமை என் கருவிக்கான பாட் கடையில் தீர்ந்திருந்தது. திங்கட்கிழமை வரும் என்றார்கள். வேறு கம்பெனி பாட் அதில் மாட்டாது. ஒன்பதரை மணிக்குக் கடைசிப் பாட் உலர்ந்தது. ஒன்பது நாற்பதுக்கு நான் டக்‌ஷாப் கம்பிக்கு முன்னால் நின்றேன். இரண்டு வாங்கினேன், மறுநாள் காலையில் நாலு.

இந்த நாட்டில் இருந்தவர்களுக்கு 2020 ஞாபகம் இருக்கும். ஊரடங்கில் மார்ச் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை சிகரெட் விற்பனையையே தடைசெய்தார்கள், வேப்பையும் சேர்த்து. அப்போதும் கள்ளத்தனமாகக் கிடைத்தது சிகரெட்தான், பல மடங்கு விலைக்கு. நானும் கொடுத்தேன். சிகரெட் எப்படியாவது நம் கைக்கு வந்து சேர்ந்துவிடும். வேப் அப்படி வராது. அதனால் முதல் வேப்பில் நான் பார்க்கச் சொல்வது மேகத்தையோ ருசியையோ அல்ல. ராத்திரி ஒன்பதரைக்கு அது நின்றுபோனால் வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா என்பதைத்தான். நிரப்பும் பாட் வகையில் முடியும். மேசை இழுப்பறையில் ஒரு 30 மில்லி பாட்டிலும் இரண்டு புதுப் பாட்டும் கிடந்தால் இரண்டு வாரத்துக்குக் கடைப் பக்கம் போக வேண்டாம். லிக்விட்டை எந்தக் கடையிலும் வாங்கலாம், எந்தக் கம்பெனியுடையதும் ஊற்றலாம். பாட் மட்டும் கருவிக்கு உரியதாக இருக்க வேண்டும். அதனால்தான் காலிபர்ன், எக்ஸ்ரோஸ் மாதிரி எல்லாக் கடையிலும் கிடைக்கிற பெயராகப் பார்த்து வாங்கச் சொல்கிறேன். அபூர்வமான கருவி வாங்கினால் அதற்கும் அதே வெள்ளிக்கிழமைதான்.

பராமரிப்பு இல்லாமல் இல்லை. பாட்டுக்குள் ஒரு காயில், அதாவது சூடாகும் கம்பிச் சுருள், அதைச் சுற்றிப் பஞ்சு. பஞ்சு லிக்விட்டை உறிஞ்ச, காயில் சுட, ஆவி வருகிறது. பஞ்சு காய்ந்திருக்கும்போது இழுத்தால் கருகிய கோணிச் சாக்கை வாயில் வைத்த மாதிரி ஒரு வீச்சம் தொண்டையில் அடிக்கும். ஒரு தடவை கருகிய பஞ்சு பிறகு தேறாது, பாட் குப்பைக்கு. நான் முதல் பாட்டைப் பத்தே நிமிஷத்தில் கருக்கினேன். பக்கவாட்டு ரப்பர் மூடியை நகத்தால் தூக்கி, பாட்டில் மூக்கைத் துளையில் வைத்து அழுத்தி, மூடி, உடனே இழுத்துவிட்டேன். நிரப்பிய பிறகு பத்து நிமிஷம் அப்படியே நிமிர்த்தி வைக்க வேண்டும். டீ போட்டுக் குடித்துவிட்டு வாருங்கள், அந்த நேரம் போதும். அப்புறம், லிக்விட் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்குவதற்கு முன்பே மறுபடி நிரப்புங்கள்.

காயில் எத்தனை நாள் வரும் என்பது நீங்கள் ஊற்றுவதைப் பொறுத்தது. இனிப்பு சேர்த்த லிக்விட் காயில்மேல் பாகு மாதிரி கருகிப் படியும். கஸ்டர்டு ருசி ஒன்று ஊற்றினேன், நாலே நாளில் பாட்டுக்குள் கடுங்காப்பி நிறம். புதினாவோ புகையிலை ருசியோ ஊற்றினால் எனக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் தாங்குகிறது. கிளிசரின் அதிகமான கெட்டி லிக்விட் மாட் வகைக்கு உரியது; சின்னப் பாட்டின் பஞ்சு அதை உறிஞ்சித் தீராமல் கருகும். பாட்டிலில் கிளிசரின் பாதி, அதைவிட நீர்த்த புரொப்பிலீன் கிளைகால் பாதி என்று போட்டிருப்பதை வாங்குங்கள். வெந்நீரில் அலசிக் காயவைத்தால் பாட் புதுசாகும் என்பார்கள். செய்து பார்த்தேன், கூடுதலாக இரண்டு நாள் வந்தது. அந்த மெனக்கெடலுக்கு அது காணாது.

செலவுக்கு வருகிறேன். 2023 ஜூன் 1 முதல் வேப் லிக்விட்டுக்கு மில்லிக்கு 2.90 ரேண்ட் கலால் வரி, நிக்கோட்டின் இருந்தாலும் இல்லாவிட்டாலும். 2024 பட்ஜெட்டில் 3.04 ஆக்கினார்கள். அந்தக் கணக்கில் 30 மில்லி பாட்டிலில் வரி மட்டுமே 91 ரேண்ட் வந்தது. வரி மில்லிக் கணக்கில் விழுவதால், அதிகம் குடிக்கிற கருவி அதிகம் கட்டும். மாட் வைத்திருந்த நண்பருக்கு ஒரு நாளைக்குப் பத்து மில்லி போகும், அதாவது தினமும் முப்பது ரேண்ட் வரி. எனக்கு இரண்டு மில்லி, ஆறு ரேண்ட். நிக்கோட்டின் கூடுதலாகவும் லிக்விட் குறைவாகவும் செலவாகும் சின்னக் கருவிக்கே இந்த வரி சாதகம்.

என் மாதக் கணக்கு, நோட்டில் எழுதி வைத்தபடி: லிக்விட் இரண்டு பாட்டில் 440, பாட் மூன்று 210, ஆக 650 ரேண்ட். நிரப்பிய பாட் வைத்திருந்த மாதங்களில் 1,600-ஐத் தாண்டியது. சிகரெட்டுக்கு அதற்கு முன் 1,100 வாக்கில் போனது. அதாவது நிரப்பிய பாட்டுக்கு மாறியபோது எனக்குச் செலவு கூடியிருந்தது! ஆனால் நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். இதெல்லாம் வரி கட்டிய சிகரெட்டோடு ஒப்பிட்ட கணக்கு. இருபது கொண்ட பெட்டிக்குக் கலாலும் வாட்டும் சேர்ந்தே 2024-இல் 25 ரேண்ட். அதற்கும் கீழே விற்கிற கள்ளச் சிகரெட் எல்லாத் தெருவிலும் கிடைக்கிறது. அதைப் பிடிக்கிறவருக்கு வேப்பில் காசு மிச்சமாகும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

நிக்கோட்டின் அளவில் கடைக்காரர் பேச்சை அப்படியே கேட்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் மில்லிக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் விற்க முடியாது. இங்கே அலமாரியில் 50 நிற்கிறது. எனக்கு முதலில் 50-ஐத்தான் கொடுத்தார்கள். நாலு இழுப்பில் தலை கிறுகிறுத்துப் படியில் உட்கார்ந்துவிட்டேன். 35-இல் இரண்டு மாதம் ஓட்டி, பிறகு 20. பத்துக்கும் குறைவாகப் பிடிக்கிறவர்கள் 20-இலேயே ஆரம்பிக்கலாம் என்பது என் ஊகம். நாளைக்கு முப்பது நாற்பது பிடிப்பவருக்கு என் அனுபவம் பொருந்தாது. எந்த அளவானாலும் பாட்டிலைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள், விழுங்கினால் விஷம்.

நிரப்பும் பாட்டின் நிஜமான குறை கசிவு. ஜொஹன்னஸ்பர்க் போகும்போது அனுபவித்தேன். டர்பன் கடலோரம், அந்த ஊர் 1,700 மீட்டர் உயரம். வண்டி மலையேற ஏற வெளியே காற்றழுத்தம் குறையும், பாட்டுக்குள் அடைபட்ட காற்று விரிந்து லிக்விட்டை வெளியே தள்ளும். வான் ரீனன் கணவாய் தாண்டி டீக்கு நிறுத்தியபோது சட்டைப் பை முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு, புதினா மணம். இப்போதெல்லாம் பாட்டைக் காலியாக்கிவிட்டுத்தான் கிளம்புகிறேன். விமானத்திலும் அப்படியே, கருவி கைப்பையில்தான் இருக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் போடக் கூடாது. ஊருக்குப் போகிறவர்கள் எடுத்தே போகாதீர்கள், இந்தியாவில் 2019-இலிருந்து இது தடை. நான் தூத்துக்குடிக்குப் போன மூன்று வாரமும் நிக்கோட்டின் சூயிங்கம்தான்.

இவ்வளவு சொன்ன நானே போன வருஷம் நிரப்பிய பாட்டை வாங்கினேன், மனைவியின் மாமாவுக்கு. டொங்காட்டில் இருக்கிறார், வயது எழுபதைத் தொடப்போகிறது. கை கொஞ்சம் நடுங்கும், கண்ணாடி போட்டும் அந்த ரப்பர் மூடித் துளை அவருக்குத் தெரியவில்லை. என் கருவியைக் கொடுத்துப் பழக்கப் பார்த்தேன். லிக்விட் பாதி வேட்டியில். "மாப்பிள்ளை, இது தையல் ஊசியில் நூல் கோக்கிற வேலை, எனக்கு ஆகாது" என்று திருப்பித் தந்துவிட்டார். அவருக்கு மாட்டிக் கழற்றுகிற வகைதான் சரி. மாதத்துக்கு வேண்டிய பாட்டை மொத்தமாக வாங்கி நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன், வெள்ளிக்கிழமை ராத்திரி தீராதபடி இரண்டு கூடுதலாக. பில்லை மட்டும் அவர் கண்ணில் காட்டுவதில்லை.